3.8 விநாடியின் மறுபக்கம்: கார்களைச் சோதித்துச் சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழில் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள், கேமரா முன் நின்று பேசுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஷோரூமில் கோட்டும் டையுமாக நிற்பவர் சொல்வதைவிட உங்கள் சொல்லுக்கு இன்று மதிப்பு அதிகம். ஒரு குடும்பம் இருபது முப்பது லட்சம் போட்டு வண்டி எடுக்க முடிவு செய்தால், மகளோ மகனோ உங்கள் காணொளியை டிவியில் போடுகிறார்கள். அப்பா, அம்மா, தாத்தா வரை உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கையை நானும் மதிக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வாகனச் சோதனைத் தடத்தில் பிரேக்கையும் டயரையும் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். இப்போது மின்கார்கள் பற்றிய உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு காட்சி தவறாமல் வருகிறது. வெறிச்சோடிய சாலை, திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம், சீட்டில் அறைந்தாற்போல் ஒட்டிக்கொள்ளும் முதுகு, "என்னா பிக்கப்பு!" என்ற கூச்சல், பிறகு ஓர் எண். 0-100, இத்தனை விநாடி. அதோடு முடித்துக்கொண்டு பூட் இடத்துக்கும் திரையின் அளவுக்கும் போய்விடுகிறீர்கள்.

அந்த எண்ணைச் சொல்லும் முறையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு பீடிகை. எண்ணைச் சொல்லவே கூடாது என்பதல்ல என் கட்சி. அதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

பெட்ரோல் காலத்தில் 0-100 ஒரு நல்ல அளவுகோல். எஞ்சின் எவ்வளவு வலு, கியர் எவ்வளவு பொருத்தம், கிளட்ச் எவ்வளவு தாங்கும், ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் இருந்தது. பத்து விநாடி வண்டிக்கும் பதினான்கு விநாடி வண்டிக்கும் நெடுஞ்சாலையில் என்ன வித்தியாசம் என்பது வாங்குகிறவருக்குப் புரிந்தது. லாரியைத் தாண்டும்போது மூச்சு வாங்குமா வாங்காதா என்பதை அந்த எண்ணிலிருந்தே ஊகித்துக்கொள்ள முடிந்தது.

மின்கார் வந்ததும் கணக்கே வேறாகிவிட்டது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். எஞ்சினைப்போல ஆர்.பி.எம். ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில், காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் டார்பிடோ வடிவ வண்டி ஒன்றை மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சாலை வண்டி ஒன்று நூறு கிலோமீட்டரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அது பேட்டரி வண்டி. மோட்டாரின் பலம் அன்றே தெரிந்த விஷயம். அதற்கு ஈடுகொடுக்கும் பேட்டரிதான் நூறாண்டுக்கு மேல் கிடைக்கவில்லை.

கிடைத்ததும் எண்கள் சரிந்த வேகத்தைப் பாருங்கள். 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40 0-100-க்கு எடுத்துக்கொண்ட நேரம், அந்த நிறுவனமே சொன்ன கணக்கில், 4.1 விநாடி. அந்தக் காலத்துச் சிறுவர்கள் சுவரில் ஒட்டி வைத்திருந்த வண்டி அது. 2014 அக்டோபரில் டெஸ்லா மாடல் எஸ் பி85டி வந்தது. 60 மைல் வேகத்தை, அதாவது சுமார் 97 கிலோமீட்டரை, 3.2 விநாடியில் தொட்டது. 2021-ல் அதே மாடலின் பிளெய்ட் 1.99 விநாடி என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் 530 குதிரைத்திறன், 3.8 விநாடி, அறிமுக விலை 53 லட்சம். குழந்தைகளோடு ஐந்து பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகும் செடான் எஃப்40-ஐ முந்துகிறது! அதற்கும் கீழே, 30 லட்சம் ஷோரூம் விலைக்குள்ளேயே, டாடா ஹாரியர் இவி 6.3 விநாடி, மஹிந்திரா பிஇ 6 6.7 விநாடி என்று வந்து நிற்கின்றன. நாளைக்கு இந்த எண்கள் இன்னும் இறங்கும். இறங்குவதற்குப் பெரிய செலவும் ஆகாது. அபூர்வமாக இருந்தவரை அந்த எண் ஒரு செய்தி. எல்லா வண்டிக்கும் அது எளிதில் கைகூடும்போது, வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது அதற்கு அடியில் இருப்பதுதான்.

அடியில் இருப்பது டயர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். நல்ல தார்ச்சாலையில், காய்ந்த நிலையில், சாதாரண டயர் தாங்கும் பிடி ஏறக்குறைய ஒரு ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு. நான்கு சக்கரமும் அந்த எல்லையிலேயே இழுத்தால் நூறைத் தொட 2.83 விநாடி ஆகும். மோட்டார் ஆயிரம் குதிரைத்திறனாக இருந்தாலும் சரி, இரண்டாயிரமாக இருந்தாலும் சரி, ரப்பர் அதற்கு மேல் பிடிக்காது. அதைத் தாண்ட வேண்டுமானால் பந்தய வகை மென்ரப்பர் டயர் வேண்டும், அல்லது தடத்தில் பிசின் தடவ வேண்டும், அல்லது வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்க வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

பிளெய்ட் விஷயத்தில் நடந்தது அதுதான். அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழ் 2021-ல் அதைச் சோதித்தபோது 1.98 விநாடி வந்தது, டிராக் (drag) எனும் நேர்கோட்டுப் பந்தயத்துக்காகப் பிசின் தடவிய தடத்தில். சாதாரண தளத்தில் 2.07. இரண்டு எண்களையும் அவர்கள் அச்சிட்டார்கள். பிசின் தடவிய விவரம் கட்டுரையிலேயே இருந்தது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது 1.9-இல் தொடங்கும் எண் மட்டும்தான்.

அதற்குள்ளும் இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க டிராக் பந்தய வழக்கப்படி, வண்டி முதல் ஓர் அடி தூரம் நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இதை ரோல்அவுட் என்கிறார்கள். ஓர் அடிதானே என்று தோன்றும். ஒரு ஜி முடுக்கத்தில் அந்த 30 சென்டிமீட்டரைக் கடக்க கால் விநாடி ஆகிறது. கடந்து முடிக்கும்போது வண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியிருக்கும். அதாவது கடிகாரம் பூஜ்ஜியத்திலிருந்து அல்ல, ஒன்பதிலிருந்து எண்ணுகிறது. பெட்ரோல் காலத்தில் எட்டு விநாடியில் கால் விநாடி போனால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரண்டு விநாடியில் கால் விநாடி என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரு நிறுவனம் ரோல்அவுட்டைக் கழித்தும் இன்னொன்று கழிக்காமலும் சொல்லும் எண்களை நீங்கள் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துப் போடுகிறீர்கள். பார்க்கிறவர் ஒன்றை மட்டம் என்றும் மற்றதை உசத்தி என்றும் முடிவு கட்டிவிடுகிறார். இது நியாயமில்லை.

பேட்டரிக்கு வருகிறேன். 2,200 கிலோ வண்டியை நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு மின்சாரம் வேண்டும் தெரியுமா? கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். ஆகவே பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல சிக்கல். அதை எவ்வளவு சீக்கிரம் கொட்ட முடியும் என்பதுதான். இரண்டு விநாடியில் கொட்டினால் சராசரியே 420 கிலோவாட்டைத் தாண்டும். 400 வோல்ட் பேட்டரியில் அது ஆயிரம் ஆம்பியருக்கு மேல். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செல்களிலும் கம்பிகளிலும் வெப்பம் நான்கு மடங்காகிறது. எனவே ஒரு தடவை கொட்டிய பேட்டரி உடனே இன்னொரு தடவை அதே அளவு கொட்ட மறுக்கலாம். சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தமும் இறங்கும், திறனும் இறங்கும். 90 சதவீதத்தில் எடுத்த எண்ணும் 30 சதவீதத்தில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

பிளெய்டில் டிராக் ஸ்டிரிப் மோட் என்று ஒன்று வைத்தார்கள். ஓடுவதற்கு முன் பேட்டரியைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவரும், மோட்டாரைக் குளிர வைக்கும். அதற்குப் பல நிமிடம் ஆகும். பிறகு ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் முழுக்க மிதிப்பார். வண்டியின் முன்பக்கம் தானாகத் தாழும், பாயப் போகும் சிறுத்தையைப்போல. அதன் பிறகு பிரேக்கை விட்டால் கிடைப்பதுதான் விளம்பரத்தில் வரும் எண். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிடைப்பது வேறு. எந்த வண்டியாக இருந்தாலும், இப்படி ஏதாவது தயாரிப்பு செய்தீர்களா, எத்தனை சதவீதம் சார்ஜ், வெளியே எத்தனை டிகிரி, எந்த டயர், வண்டியில் எத்தனை பேர் என்பதையெல்லாம் ஒரே வரியில் திரையில் போட்டுவிடலாம். அதற்கு ஐந்து விநாடி போதும்.

இந்தப் பொறியியலை நான் குறைத்துப் பேசவில்லை. இதில் உண்மையான அற்புதம் ஒன்று இருக்கிறது. உங்கள் காணொளிகளில் அது வருவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் பெட்ரோல் வண்டி என்ன செய்யும்? எரிபொருளைக் குறைக்கும், ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், பிரேக்கைத் தட்டும். சுழன்றுகொண்டிருக்கும் கிராங்கும் கியரும் அடங்க அதற்குள் நேரமாகிவிடும். மின்காரில், பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்கு அனுப்பும் இன்வெர்ட்டர், விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தைத் திருத்துகிறது. சக்கரம் வழுக்கப் போவதை உணர்ந்து, வழுக்கலுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய இடத்திலேயே டயரை நிறுத்தி வைக்கிறது.

மூடிய தடத்தில் அப்படியொரு வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் ஓட்டம் காய்ந்த தளம், அடுத்தது தண்ணீர் தெளித்த தளம். காய்ந்த தளத்தில் வண்டி கிளம்பியபோது டாஷ்போர்டில் வைத்திருந்த பேனா பின் சீட்டுக்குப் போய்விட்டது; டயர் கீச்சிடவே இல்லை. ஈரத்தில்தான் எனக்கு ஆச்சரியம். ஆக்சிலரேட்டர் தரையோடு அழுந்தியிருக்கிறது, ஆனால் வண்டி பதறவில்லை, பின்பகுதி ஒரு விரற்கடை கூட விலகவில்லை. தளம் தருகிற அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நேராகப் போனது. இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்த மென்பொருளை எழுதியவர்களை நேரில் பார்த்தால் கைகூப்பியிருப்பேன். மழை பெய்து முடிந்த சாலையில் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று உங்களில் எத்தனை பேர் காட்டியிருக்கிறீர்கள்? ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்ச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

டயர்தான் எல்லாம் என்பதற்கு இன்னொரு சாட்சி சுவிட்சர்லாந்தில் உண்டு. சூரிச் இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தையும் லூசர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மாணவர்கள் கட்டிய 'மைத்தன்' என்ற மின்வண்டி, 2023 செப்டம்பரில் 0-100-ஐ 0.956 விநாடியில் தொட்டது. 12.3 மீட்டர் தூரத்துக்குள்! எடை சுமார் 140 கிலோ, திறன் 326 குதிரைத்திறன். நம் ஊரில் விற்கும் அந்த சீல் செடானின் திறனைவிடக் குறைவு. எப்படிச் சாத்தியமாயிற்று? எடையைக் குறைத்தார்கள், வண்டிக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சித் தரையோடு அதை அமுக்கினார்கள். மோட்டாரைப் பெரிதாக்கி அவர்கள் ஜெயிக்கவில்லை, பிடியைப் பெரிதாக்கி ஜெயித்தார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மின்வண்டி கொண்டுவரும் நம் மாணவர்களைப் போய்ப் பேட்டி எடுங்கள். 75 மீட்டர் ஓட்டத்துக்காக அவர்கள் டயரோடு என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்டால், ஒரு காணொளிக்கு வேண்டிய சரக்கு அங்கேயே கிடைக்கும்.

அந்த மாணவர்கள் சாதனை செய்த இடம் சூரிச் அருகே டூபெண்டார்ஃப் விமானத்தளம். அதே ஊரில், அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஆகஸ்டில், ஆக்ஸா காப்பீட்டு நிறுவனம் ஒரு மோதல் சோதனை நடத்திக் காட்டியது. மின்கார் ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியைச் சேதப்படுத்திக்கொள்ளும் மோதல்கள் மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்பது சுவிட்சர்லாந்தில் அவர்கள் கண்ட கணக்கு. திறன் மிகுந்த வண்டிகளில்தான் இது கூடுதல் என்றும், பெடலைத் தொட்டதும் எதிர்பாராத அளவுக்கு வண்டி பாய்ந்துவிடுவது ஒரு காரணம் என்றும் சொன்னார்கள். சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் அதைக் காட்டுவதற்காக ஒரு மின்காரைக் கவிழ்த்துத் தீப்பிடிக்க வைத்தார்கள். அந்த வண்டியில் பேட்டரி செல்களே இல்லை, தீயும் வாணவேடிக்கை மருந்தால் மூட்டியது என்று பிறகு வெளியாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதோடு அந்த 50 சதவீதக் கணக்கைப் பற்றிப் பேசுவாரும் இல்லாமல் போனார்கள். காட்சிக்காக ஒரு துளி கலந்ததில், நல்ல தகவல் முழுவதும் வீணாயிற்று. கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாய்ச்சலை நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங்குக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பிரேக் என்று நினைத்து ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துவிடுகிறார். என்ன நடந்தது என்று மூளைக்கு எட்டி, கால் பெடலை விட்டு எழ ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 விநாடியில் நூறைத் தொடும் ஹேட்ச்பேக், சராசரி முடுக்கத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஒன்றரை விநாடியில் இரண்டரை மீட்டர் நகர்ந்து, 12 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். பம்பர் நசுங்கும், தூணில் பெயிண்ட் ஒட்டும். 3.8 விநாடி வண்டி 8 மீட்டர் போயிருக்கும், வேகம் 39 கிலோமீட்டர். எடையும் ஹேட்ச்பேக்கைப்போல இரண்டு மடங்கு. மோதும் ஆற்றல் இருபது மடங்கு. எட்டு மீட்டருக்குள் என்னென்ன இருக்கும்? எதிர் வரிசை வண்டிகள், லிஃப்ட் வாசல், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பெடல் மாறி மிதிக்கும் விபத்துகள் முதியோர் அதிகமுள்ள ஜப்பானில் பெரிய பிரச்சினை. பெடல் தவறி அழுந்தும்போது வண்டியே திறனைத் தடுக்க வேண்டும் என்ற ஐ.நா. வாகன விதி எண் 175 2025-ல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் 2028 முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்குகிறது. சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு முறை வண்டியை ஆன் செய்யும்போதும், 0-100-க்கு 5 விநாடிக்குக் குறையாத நிலையில்தான் அது தொடங்க வேண்டும்; அதைவிட வேகம் வேண்டுமானால் ஓட்டுநர் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க வேண்டும். உலகத்திலேயே அதிக மின்கார் விற்கும் நாடு இப்படி யோசிக்கிறது. அதே நாட்டில், 2025 மே மாதம், ஷாவ்மி நிறுவனம் தன் எஸ்யூ7 அல்ட்ராவின் 1,548 குதிரைத்திறனை ஒரு மென்பொருள் மாற்றத்தால் 900 அளவுக்குக் குறைத்தது; பந்தயத் தடத்தில் தகுதி காட்டினால்தான் முழுத் திறன் என்றது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. எண்ணைக் காட்டி விற்றுவிட்டால், பிறகு நல்லதற்கே குறைத்தாலும் எடுபடாது.

சாலையைக் கடப்பவர் பக்கமிருந்தும் பாருங்கள். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வயதான ஒருவருக்கு ஆறு விநாடி ஆகும். நாற்பது மீட்டர் தள்ளி ஒரு கார் நிற்கிறது. ஹேட்ச்பேக் முழு மூச்சாகக் கிளம்பினாலும் அந்த நாற்பது மீட்டரைத் தாண்ட அதற்கும் ஏறக்குறைய ஆறு விநாடி வேண்டும். அதனால்தான் ஆயுசு முழுக்க அவர் பத்திரமாகக் கடந்திருக்கிறார். அந்தக் கணக்கு அவர் கண்ணிலேயே பதிந்திருக்கிறது. 3.8 விநாடி வண்டி அதே நாற்பது மீட்டரை மூன்றேகால் விநாடியில் தாண்டிவிடும். அவர் பாதிச் சாலையில் இருப்பார். எஞ்சின் உறுமும் சத்தமும் முன்கூட்டி எச்சரிக்காது. அவர் செய்த பிழை என்று இதில் எதுவுமே இல்லை.

இதையெல்லாம் பார்க்கிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது. வண்டி ஆன் ஆனதும் எந்த மோடில் தொடங்குகிறது? நேற்று ஸ்போர்ட்டில் நிறுத்தியதை இன்று காலை ஸ்போர்ட்டிலேயே திறக்கிறதா, நார்மலுக்குத் திரும்புகிறதா? ஒரே வண்டியை அப்பாவும் மகனும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது உயிர் போகும் கேள்வி. பெடலைக் கால்வாசி அழுத்தினால் எவ்வளவு பாய்கிறது? டிரைவருக்குத் தகுந்தாற்போல் திறனைப் பூட்டி வைக்க முடியுமா? பின் சீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்குக் குமட்டுகிறதா? ஓட்டுகிறவருக்குக் கால் பெடலில் இருப்பதால் எப்போது இழுக்கும் என்று தெரியும். பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

நெடுஞ்சாலைக்கு வேண்டியது 0-100 அல்ல. 60-100, 80-120. திருச்சி சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பவர் நின்ற இடத்திலிருந்து கிளம்பப் போவதில்லை. சுமார் 65 கிலோமீட்டர் வரை டயரின் பிடியும் அதற்கு மேல் மோட்டாரின் திறனும் எல்லை கட்டுகின்றன என்பதுதான் 530 குதிரைத்திறன் வண்டியின் தோராயமான கணக்கு. ஆகவே வண்டியின் உண்மையான வலு 60-க்கு மேல் எடுக்கும் எண்ணில்தான் தெரியும். அதை முழு ஆளோடும் லக்கேஜோடும், பாதி சார்ஜில், சித்திரை வெயிலில், அடுத்தடுத்து ஐந்து முறை எடுத்துக் காட்டுங்கள். ஐந்தாவது முறையும் முதல் முறைபோலவே இருந்தால் அந்த நிறுவனத்தின் குளிரூட்டும் அமைப்பைத் தாராளமாகப் பாராட்டுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். முப்பது வருடம் நான் பார்த்த வேலை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இழுக்கும் டயர்தான் நிறுத்தவும் வேண்டும். ஒரு ஜி பிடியில் 100-லிருந்து நிற்க 39 மீட்டர். அதற்கு முன் ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை விநாடி என்றால் அந்த நேரத்திலேயே 42 மீட்டர் ஓடிவிடும். 120-லிருந்து என்றால் பிரேக்குக்கு மட்டுமே 57 மீட்டர். மீள்சேமிப்பு பிரேக் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருவதில் கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அவசரத்தில் நிறுத்துவது டிஸ்க்கும் டயரும். இரண்டு டன்னுக்கு மேலான வண்டியில் மைலேஜுக்காகக் கடினமான ரப்பர் டயர் போட்டிருந்தால் நிற்கும் தூரம் நீளும். மூன்றாவது முறை அழுத்தும்போது பெடல் இன்னும் ஆழமாகப் போகிறதா என்பதையும் கால்தான் சொல்லும். இத்தனை காணொளிகளில் 100-0 தூரத்தை அளந்து காட்டியவர்கள் மிகச் சிலர். காட்டியவர்களுக்கு என் நன்றி.

கடைசியாக, எங்கே சோதிக்கிறீர்கள் என்ற கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வாகனங்களுக்கிடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பால் வண்டியும், நடைப்பயிற்சிக்கு வருபவர்களும், கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அந்த நேரத்தில்தான் சாலையில் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது, கோவையில் கரி இருக்கிறது. வாடகை கொஞ்சம் கையைக் கடிக்கும், தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாளுக்கு எடுங்கள். செய்யாறில் மஹிந்திராவுக்குச் சொந்தச் சோதனைத் தடமே இருக்கிறது. இதுபோல் தடம் வைத்திருக்கும் நிறுவனங்களிடம், வண்டியைத் தரும்போதே ஒரு மணி நேரம் தடத்தையும் தாருங்கள் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கடினம். மறுத்தால், தடம் கிடைக்கவில்லை, அதனால் 0-100 எடுக்கவில்லை, இது நிறுவனம் சொல்லும் எண் என்று திரையில் போடுங்கள். அதனால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை குறையாது, கூடும்.

அடுத்த மின்காரின் சாவி உங்கள் கைக்கு வரும்போது, 0-100 எடுத்த அதே தடத்தில், அதே டயரில், அதே ஆட்களோடு 100-0-வையும் எடுங்கள். இரண்டு எண்களையும் ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
சோதனைத் தடத்தில் வேலை பார்த்த உங்கள் நேயர் ஒருவர்